ஒரே நாளில் பிறந்த மூன்று வெள்ளிகள்

சிங்கப்பூருக்கும் புருணைக்கும் இடையே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மாறாமல் நிற்கும் நாணய விகிதமும், மலேசியாவோடு முறிந்துபோன அதே விகிதமும் நமக்குக் கற்பிக்கும் பாடம்

1967-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் தேதி, அதுவரை ஒரே நோட்டைக் கொடுத்து வாங்கிப் பழகியிருந்த மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளின் மக்களுக்கும் மூன்று வெவ்வேறு நோட்டுகள் வந்து சேர்ந்தன. மலேசிய நோட்டில் அந்நாட்டின் முதல் மாமன்னரான துவாங்கு அப்துல் ரஹ்மானின் உருவம் இருந்தது. சிங்கப்பூர் நோட்டில் ஆர்க்கிட் மலர்க்கொத்து இருந்தது. புருணை நோட்டில் சுல்தான் ஒமார் அலி சைபுதீனின் முகம் இருந்தது. சித்திரங்கள் வேறாயினும், அங்குள்ள தமிழர் 'வெள்ளி' என்று வழங்கும் அந்த டாலர் ஒவ்வொன்றும் 0.290299 கிராம் பொன்னுக்குச் சமம் என்று மூன்று சர்க்கார்களும் ஒருமுகமாகப் பிரகடனம் செய்திருந்தபடியால், மூன்றின் மதிப்பும் ஒன்றாகவே இருந்தது. ஒரு நாட்டின் வெள்ளியை மற்ற நாட்டு வங்கியில் கொடுத்தால், வட்டமோ கழிவோ இன்றி, ஒன்றுக்கு ஒன்றாகவே மாற்றித் தரவேண்டும் என்பது அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை.

அன்று சமமாகப் பிறந்த அம்மூன்றில், சிங்கப்பூர் வெள்ளியும் புருணை வெள்ளியும் இன்றைக்கும் ஒன்றுக்கு ஒன்றாகவே மாறுகின்றன. மலேசிய வெள்ளியோ, ரிங்கிட் என்ற பெயரில், ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றுக்கு மேல் கொடுக்கவேண்டிய நிலைக்கு இறங்கிவிட்டது. ஒரே தாய் நாணயத்தினின்றும் ஒரே நாளில் ஒரே எடைப் பொன்னுக்கு ஈடாகப் பிரிந்த மூன்றின் கதி இவ்வாறு வேறுபட்டது ஏன் என்ற கேள்வி, பொருளாதார நிபுணர்களுக்கு மட்டும் உரியதன்று. உழைத்துச் சேர்த்த கூலியைக் கடல் கடந்து அனுப்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது.

தாய் நாணயம்

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்னும் துறைமுகங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகையில் இருந்த காலத்தில், கணக்குப் புத்தகங்களில் இந்திய ரூபாயும் கடைவீதிகளில் ஸ்பானிய, மெக்ஸிகோ வெள்ளி நாணயங்களுமாக இரண்டு உலகங்கள் இருந்தன. 1867-இல் அப்பிரதேசங்கள் நேராக பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ் வந்தபோது ரூபாய் விலகியது. வெள்ளி டாலரே சட்டபூர்வமான நாணயமாயிற்று. ஆனால் உலகச் சந்தையில் வெள்ளி உலோகத்தின் விலை ஆண்டுக்காண்டு வீழ்ந்துகொண்டே வந்தமையால், 1870-களின் தொடக்கத்தில் 4 ஷில்லிங்குக்கு மேல் மதிக்கப்பட்ட டாலர், அந்நூற்றாண்டு முடிந்து புது நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் 2 ஷில்லிங்குக்கும் கீழே போய்விட்டது. அந்த அலைச்சலுக்கு ஒரு முடிவு காணவே, 1906-இல், 1 டாலர் என்பது 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநாட்டினார்கள். 60 டாலருக்கு 7 பவுன் என்ற அந்தக் கணக்கு, யப்பானியர் ஆக்கிரமிப்பில் அடைபட்ட மூன்றரை ஆண்டுகளைத் தவிர, அறுபது ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை.

இந்த ஸ்திரத்தன்மையின் பலன் தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரையில் எட்டியது. இந்திய ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸாக இருந்த வரையில், மலாயா வெள்ளி ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் ரூபாய் என்பது, சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் பெட்டியடியில் அமர்ந்து உண்டியல் எழுதிய செட்டியாருக்கும், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி மணியார்டர் அனுப்பிய தொழிலாளிக்கும் ஒருசேரப் பொருந்திய கணக்கு. பின்னர் 1927-இல் இந்திய சர்க்கார் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று உயர்த்தி நிறுத்தியபோது, அதே வெள்ளிக்கு ஒரு ரூபாய் ஒன்பது அணாவுக்குச் சற்றே குறைவாகத்தான் கிடைக்கலாயிற்று. தோட்டத்தில் கூலி குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை, ஆயினும் முன்பு நூறு வெள்ளி அனுப்பி ஊரில் 175 ரூபாய் பெற்ற குடும்பம், இப்போது 155 ரூபாய் சொச்சமே பெற்றது. எங்கோ ஒரு சபையில் யாரோ சில கனவான்கள் இரண்டு பென்ஸைக் கூட்டியதன் விளைவு, இராமநாதபுரத்துக் குடியானவன் வீட்டு உலைப்பானை வரையில் வந்தது. நாணய விகிதம் என்பது எளியவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று எண்ணுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.

யுத்தத்துக்குப் பின் மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை ஆகிய ஐந்து பிரதேசங்களுக்கும் பொதுவாக ஒரே நாணயச் சபை அமைந்தது. எருமை பூட்டி ஏர் உழும் விவசாயியின் படம் பொறித்த அதன் பத்து வெள்ளி நோட்டையும், பாய்மரப் படகு மிதக்கும் அதன் ஒரு வெள்ளி நோட்டையும் அக்காலத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அச்சபை நோட்டுகளை வெளியிட்டதே தவிர, அவற்றுக்கு ஈடாக லண்டனில் ஸ்டெர்லிங் சொத்து சேராமல் தன் இஷ்டத்துக்கு அச்சிட அதற்கு அதிகாரம் இல்லை. வரவுக்கு உட்பட்டே செலவு என்ற கட்டுப்பாடு, அந்த நாணயத்தின் அமைப்பிலேயே இருந்தது.

பாகப்பிரிவினை

1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவாயிற்று. 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் அதினின்றும் பிரிந்து தனிநாடாயிற்று. அரசியல் உறவு அற்றபின்னும் நாணய உறவை மட்டும் காப்பாற்றிக்கொள்ள இரு சர்க்கார்களும் ஓராண்டு காலம் முயன்றன என்பதைச் சரித்திரம் பெருமையோடு குறித்துக்கொள்ளவேண்டும். மலேசிய நிதி மந்திரி டான் சியூ சின்னும் சிங்கப்பூர் நிதி மந்திரி லிம் கிம் சானும் நடத்திய பேச்சுக்களில், பொது நாணயம் வேண்டும் என்பதில் பெரிய பேதம் இருக்கவில்லை. அந்த நாணயத்துக்குப் பின்பலமாக நிற்கும் ஒதுக்கு நிதியில் சிங்கப்பூருக்குரிய பங்கு யார் பெயரில் இருப்பது, யார் அதிகாரத்தில் இருப்பது என்ற இடத்தில்தான் பேச்சு நின்றுவிட்டது. கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்த சகோதரர்கள் ஒரே களஞ்சியத்தைப் பயன்படுத்த இசைந்தாலும், சாவி யார் மடியில் என்பதில் இசைய முடியாமற் போவதுண்டல்லவா? அதுவே இங்கும் நிகழ்ந்தது. தனித்தனி நாணயம் வெளியிடுவதென்று 1966 ஆகஸ்டு 17-இல் இரு தரப்பும் அறிவித்தன.

இதில் எவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. நாடு சிறிதாயினும், தன் பிரஜைகளின் சேமிப்புக்கு ஈடான பொருளைப் பிறர் பொறுப்பில் விட்டுவைக்கச் சம்மதியாத சிங்கப்பூரின் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. நாடு முழுமைக்கும் ஒரே மத்திய வங்கி, ஒரே அதிகாரம் என்று விரும்பிய மலேசியாவின் எண்ணத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயங்களும் ஒத்துப்போகாத நிலையில், நோட்டுகள் மூன்றானாலும் மதிப்பு ஒன்றாக இருக்கட்டும் என்று அவர்கள் கண்ட வழி, அந்தச் சந்தர்ப்பத்தில் விவேகமான வழியே.

பதினைந்து காசின் கண்ணீர்

புதிய நாணயங்கள் வந்து ஐந்து மாதங்கள் நிறைந்து சில நாட்களே கழிந்திருந்த சமயத்தில், 1967 நவம்பர் 18-இல், பிரிட்டிஷ் சர்க்கார் பவுனின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. மூன்று புதிய வெள்ளிகளும் தங்கள் பொன் மதிப்பை விட்டுக்கொடுக்கவில்லை. எட்டரை வெள்ளிக்குச் சற்று மேலாக இருந்த பவுன், 7 வெள்ளி 35 காசுக்கு இறங்கிற்று. ஆனால் புழக்கத்திலிருந்து முற்றும் திரும்பியிராத பழைய நோட்டுகளோ ஸ்டெர்லிங்கோடு கட்டுண்டவை. ஆகவே அவை பவுனோடு சேர்ந்தே விழுந்தன. பழைய வெள்ளி ஒன்றுக்குப் புதிய காசு 85 மட்டுமே என்று தீர்மானமாயிற்று.

வங்கிக் கணக்கு வைத்திருந்தவன் தப்பினான். பழைய நோட்டைத் தகரப் பெட்டியிலும் தலையணை உறையிலும் பத்திரப்படுத்தியிருந்த ஏழைதான், ஒரே இரவில் ஒவ்வொரு வெள்ளிக்கும் பதினைந்து காசு இழந்தான். நேற்று வரையில் ஒன்றுக்கு ஒன்று என்று சர்க்காரே சொல்லிவந்த இரண்டு நோட்டுகளில், சித்திரம் மாறியதற்காக ஒன்று தாழ்ந்துபோன நியாயம் அவனுக்கு எவ்வாறு விளங்கும்? பினாங்கில் தொழிற்கட்சி நவம்பர் 24-ஆம் தேதி கடையடைப்புக்கு அழைத்தது. காசின் மதிப்புக் குறித்து எழுந்த அந்தக் கிளர்ச்சி, சில மணி நேரத்துக்குள் இனக்கலவரமாக மாறி, உயிர்களைப் பலிகொண்டு, ஊரடங்குச் சட்டத்தில் போய் முடிந்தது. நாணயத்தில் மக்கள் வைத்திருக்கும் விசுவாசம் எவ்வளவு மெல்லிய இழையால் ஆனது என்பதற்கு அந்த நவம்பரைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

பிரிந்த பாதை

பொன்னோடும் அமெரிக்க டாலரோடும் உலக நாணயங்கள் கட்டுண்டிருந்த ஏற்பாடு 1971-இல் நிலைகுலைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கா தன் டாலரின் மதிப்பைக் குறைத்தது. 1973 பிப்ரவரியில் மறுபடியும் குறைத்தது. 3.06 வெள்ளியாக இருந்த அமெரிக்க டாலர், முதலில் 2.82 ஆகவும் பிறகு 2.54 ஆகவும் இறங்கியது. கட்டுத்தறிகள் இவ்வாறு அசையத் தொடங்கியபோது, தத்தம் பொருளாதாரத்துக்கு ஏற்பத் தனிவழி தேடும் எண்ணம் பலமடைவது இயல்பே. 1973 மே 8-ஆம் தேதி, மலேசியா பரஸ்பர மாற்று உடன்படிக்கையிலிருந்து விலகிக்கொண்டது. சிங்கப்பூரும் புருணையும் விலகவில்லை. அடுத்த மாதமே சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் சந்தையில் மிதக்க விடப்பட்டன.

பிரிந்த உடனே மலேசிய வெள்ளி வீழ்ந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. முதல் ஓரிரு ஆண்டுகளில் அதுவே மயிரிழை உயர்ந்து நின்றது. 1980-இல்கூட ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மலேசிய வெள்ளி 1.02 தான். ஆனால் தகரம், ரப்பர், செம்பனை எண்ணெய் ஆகியவற்றின் விலை உலகச் சந்தையில் சரிந்த 1985-இல் அது 1.13 ஆயிற்று, 1990-இல் ஏறத்தாழ ஒன்றரை ஆயிற்று. 1997 ஜூலையில் தாய்லாந்தில் மூண்ட நெருக்கடி கோலாலம்பூரையும் பற்றிக்கொள்ள, 1998 ஜனவரியில் அமெரிக்க டாலர் ஒன்றுக்கு 4.88 ரிங்கிட் வரையில் வீழ்ச்சி கண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் பிரதமர் மகாதீரின் சர்க்கார் மூலதனக் கட்டுப்பாடுகளை விதித்து, டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டை நிறுத்தியது. 2005 ஜூலை 21-இல் அந்தக் கட்டு அவிழ்ந்தபோது சிங்கப்பூர் வெள்ளிக்கு 2.25 ரிங்கிட் என்ற அளவில் இருந்த விகிதம், 2015-இல் மூன்றை எட்டிப்பிடித்து, 2024-இன் தொடக்கத்தில் மூன்றரையையும் தொட்டது.

இந்த எண்கள் ஜொகூர் கடற்பாலத்தில் ஒவ்வொரு நாளும் விடியுமுன் உயிர் பெறுகின்றன. இருள் பிரியாத வேளையில் மோட்டார் சைக்கிள்களிலும் பேருந்துகளிலும் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் தொழிலாளர் கூட்டத்தில் தமிழரும் பலர் உண்டு. ஒரு கரையில் சம்பாதித்து மறு கரையில் செலவழிக்கும் அவர்களுக்கு விகிதத்தின் ஏற்றம் வருமானமாகிறது. ஆனால் மலேசியாவிலேயே சம்பாதித்து மலேசியாவிலேயே வாழும் அவர்களுடைய அண்டை வீட்டாருக்கு, அந்த ஏற்றமே இறக்குமதிப் பண்டங்களின் விலையாகவும், வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்கவைக்க இயலாத கவலையாகவும் வந்து சேர்கிறது.

மாறாத விகிதம்

இனி, மாறாமல் நின்ற விகிதத்தைப் பார்ப்போம். புருணை நோட்டு ஒன்றை சிங்கப்பூர் வங்கியில் செலுத்தினால், அதே தொகை சிங்கப்பூர் வெள்ளியாக வரவு வைக்கப்படுகிறது. வங்கி அதை சிங்கப்பூர் நாணய ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. அங்கிருந்து அந்நோட்டு புருணையின் தலைநகரான பந்தர் செரி பகவானுக்குத் திரும்பிப்போக, புருணை அதற்குரிய தொகையைச் செலுத்திவிடுகிறது. எதிர்த் திசையிலும் இவ்வாறே. கடையில் சில்லறை வாங்கும்போது ஒரு புருணை நோட்டு கலந்து வந்தால் சிங்கப்பூர்வாசி முகம் சுளிப்பதில்லை. 2007-இல் உடன்படிக்கையின் நாற்பதாம் ஆண்டுக்கு இருபது வெள்ளி நோட்டையும், 2017-இல் பொன்விழாவுக்கு ஐம்பது வெள்ளி நோட்டையும் இரு நாடுகளும் சேர்ந்து வெளியிட்டன.

இதற்குப் பின்னே மாயம் ஏதும் இல்லை. வெளியிட்ட நோட்டுக்கு ஈடாக வெளிநாட்டுச் சொத்தைச் சேர்த்துவைக்கும் பழைய நாணயச் சபையின் ஒழுக்கத்தை இரண்டு நாடுகளும் கைவிடவில்லை. ஒரு நாட்டுக்கு வாணிபமும் மற்ற நாட்டுக்கு எண்ணெயும் வருவாயாக இருக்க, பற்றாக்குறையை நோட்டடித்து நிரப்பும் நிர்ப்பந்தம் இரண்டுக்கும் நேரவில்லை. 1981 முதல் சிங்கப்பூர், வட்டி விகிதத்தைக் காட்டிலும் நாணய விகிதத்தையே விலைவாசியைக் கட்டுப்படுத்தும் கருவியாகக் கொண்டு, தன்னோடு வாணிபம் செய்யும் நாடுகளின் நாணயத் தொகுதிக்கு எதிராக வெள்ளியை நிதானமாக நடத்தி வருகிறது. புருணையோ, எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும், தன் நாணயத்தை அந்த நடைக்கே ஒப்படைத்துவிட்டது.

ஆனால் இந்த உறுதிக்கு விலை உண்டு என்பதை மறைப்பது சத்தியமாகாது. 1985-இல் சிங்கப்பூரின் பொருளாதாரமும் சுருங்கியது. வெள்ளியின் மதிப்பைத் தாழ்த்தி ஏற்றுமதியைக் காப்பாற்றும் சுலப மார்க்கத்தை விட்டு, மத்திய சேமநிதிக்கு முதலாளிகள் செலுத்தும் பங்கை 25 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக 1986-இல் குறைத்தார்கள். நாணயம் நின்றது, அதைத் தாங்கியவன் தொழிலாளி, தன் முதுமைக்கான சேமிப்பிலிருந்து தாங்கினான். புருணையும் தனக்கென ஒரு நாணயக் கொள்கை வகுக்கும் சுதந்திரத்தைத் தியாகம் செய்தே இந்தச் சமநிலையைப் பெற்றிருக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் குறைந்த ஜனத்தொகையும் பெரும் ஒதுக்கு நிதியும் உள்ள நாட்டுக்கு அது தாங்கக்கூடிய தியாகம். வறிய விவசாயிகளையும் தோட்டத் தொழிலாளரையும் ஏராளமாகக் கொண்டு, கிராமங்களை முன்னேற்றும் பொறுப்பையும் சுமந்த மலேசியாவுக்கு அது தாங்கக்கூடியதாக இருந்திருக்குமா என்று கேட்டால், ஆம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

நம் தீர்ப்பு

ஆகவே, மலேசியா 1973-இல் பிரிந்ததே பிழை என்று நாம் சொல்லவில்லை. தன் நிலைமைக்கு ஏற்பத் தன் நாணயத்தை நடத்தும் உரிமை ஒவ்வொரு சுதந்திர நாட்டுக்கும் உண்டு. ஆனால் அந்த உரிமையைப் பெற்ற சர்க்கார், நாணயத்தை இறங்கவிடும் ஒவ்வொரு தடவையும், கட்டுப்பாடுகளை விதிக்கும் ஒவ்வொரு தடவையும், அதனால் லாபம் அடைவோர் யார், நஷ்டம் அடைவோர் யார் என்பதைப் பிரஜைகளுக்கு முன்கூட்டியே விளக்கக் கடமைப்பட்டது. பினாங்கில் உயிர்கள் பலியானது அந்தக் கடமை மறக்கப்பட்டதால்தான். அதே கடமை, நாணயத்தை உயர்த்தி நிறுத்தும் சர்க்காருக்கும் உண்டு. சேமநிதியில் குறைந்த பங்கும் ஒரு வரிதான்.

நாணயத்தின் மதிப்பு தேசத்தின் பரப்பளவிலோ கொடியின் உயரத்திலோ இல்லை. கொடுத்த வாக்கை வருஷக்கணக்காகக் காப்பாற்றும் கணக்கு ஒழுக்கத்தில் இருக்கிறது என்பதை, உலக வரைபடத்தில் விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய இரண்டு சிறு நாடுகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிரூபித்து வருகின்றன. இதைப் படிக்கும் வாசகர், ஊருக்குப் பணம் அனுப்புகிறவராயினும், அனுப்பிய பணத்தைப் பெறுகிறவராயினும், அன்றைய விகிதம் ஏறிற்றா இறங்கிற்றா என்று மட்டும் பார்த்து அமைந்துவிடாமல், தம் நாட்டு நோட்டுக்குப் பின்னே என்ன சொத்து நிற்கிறது, அதைக் காப்பவர் யார், அதை மாற்ற எவருக்கு அதிகாரம் உண்டு என்று தம் பிரதிநிதிகளைக் கேட்கப் பழகவேண்டும். அவ்வாறு கேட்கும் மக்கள் உள்ள நாட்டில் சேமிப்பு ஒரே இரவில் கரைவது அரிது.